ஆஃபர் லெட்டருக்குப் பிறகு நாற்பது நாள்: நீலகிரிக் கல்லூரி ஒன்றின் அனுபவம்

நீலகிரியில் ஒரு அரசுக் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கும் கௌரவ விரிவுரையாளர் நான். 2022இல் வேலைவாய்ப்புப் பிரிவையும் என் தலையில் கட்டினார்கள். நிரந்தர வேலை இல்லாத ஒருவன் ஊருக்கெல்லாம் வேலை தேடித் தருகிறான் என்பது ஸ்டாஃப் ரூமில் பழைய ஜோக். மற்றவர்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது வழக்கம்.

அந்த மூன்று வருடத்தில் நாங்கள் செய்தது, சொதப்பியது இரண்டையும் இங்கே எழுதுகிறேன். கல்லூரி, அரசு, வங்கி எல்லாருடைய உதவியும் ஒரு காகிதத்தோடு நின்றுவிடுகிறது. வேலைக்குப் போகிறவனுக்கு அது ஆஃபர் லெட்டர். தொழில் தொடங்குகிறவளுக்கு அது பயிற்சிச் சான்றிதழ் அல்லது கடன் ஒப்புதல். பிள்ளைகள் தடுக்கி விழுவது அதற்கு அடுத்த நாற்பது நாளில். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

மாணவர்கள் பெயரை எழுதவில்லை. சின்ன மாவட்டம், ஹட்டியின் (படகர் சிற்றூரின்) பெயரைச் சொன்னாலே அது யார் வீட்டுப் பெண் என்று தெரிந்துவிடும்.

மேலே என்ன வேலை இருக்கிறது

எங்கள் மாணவர்களின் அப்பா, தாத்தா காலத்தில் மலையிலேயே மாதச் சம்பளம் என்ற ஒன்று இருந்தது. அருவங்காட்டில் நூறு வருடத்துக்கு மேல் பழமையான வெடிமருந்துத் தொழிற்சாலை, இந்துநகரில் 1960களில் வந்த போட்டோ பிலிம் தொழிற்சாலை, கேத்தியில் ஊசித் தொழிற்சாலை. பிலிம் தொழிற்சாலை மூடியாகிவிட்டது. மற்றவற்றில் பழையபடி ஆள் எடுப்பதில்லை. தேயிலையை நம்பலாம் என்றால், ஒரு கிலோ தூளுக்கு நாலு முதல் நாலரை கிலோ பச்சைத் தேயிலை வேண்டும். அந்தப் பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையை வைத்துப் பட்டதாரிப் பிள்ளையைத் தோட்டத்தில் நிற்கச் சொல்ல எந்த அப்பாவுக்கும் வாய் வராது. மிச்சம் சுற்றுலா. ஏப்ரல், மே ஒரு சீசன். செப்டம்பர், அக்டோபரில் சின்னதாக இன்னொன்று. நடுவில் மழை.

ஆக, வேலை என்றால் மலை இறங்குவதுதான். எங்கள் ஊர்ப் பேச்சில் 'கீழே போறது'. பந்தலூரிலிருந்து கூடலூர், ஊட்டி, மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை போய்ச் சேர ஏறக்குறைய 160 கிலோமீட்டர். பஸ்ஸில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. மழையில் மரம் விழுந்தால் கணக்கே இல்லை. எங்கள் கல்லூரிகள் இணைந்திருக்கும் பாரதியார் பல்கலைக்கழகமும் கோவையில்தான். ஒரு சான்றிதழில் எழுத்துப்பிழை என்றாலும் ஒரு நாள் கூலி போகும்.

படிக்கும்போது கை கொடுக்கத் திட்டங்கள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லமாட்டேன். 2022 மார்ச்சில் வந்த 'நான் முதல்வன்' வழியாக வகுப்பிலேயே திறன் பயிற்சி கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் 'புதுமைப்பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்கும் 'தமிழ்ப் புதல்வன்' என்று அதே தொகை. ஆனால் கடைசி செமஸ்டரோடு ஆயிரம் ரூபாயும் நிற்கிறது, இலவச பஸ் பாஸும் நிற்கிறது. செலவு கூடுவது அந்த மாதம்தான். வேலை இல்லாத பட்டதாரிக்கு அரசு உதவித்தொகை உண்டே என்பார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தால் மாதம் 600 ரூபாய். அதுவரை என்ன சாப்பிடுவது என்று எந்த விண்ணப்பத்திலும் கட்டம் இல்லை.

மலையேறி வந்தவர்கள்

2023இல் வேலைவாய்ப்பு முகாம் நன்றாகவே நடந்தது. கோவை, திருப்பூர், ஓசூர்ப் பக்கமிருந்து கம்பெனிகள் வந்தன. மேடை, பேனர், குத்துவிளக்கு, போட்டோ எல்லாம் உண்டு. ஆஃபர் வாங்கியவர்கள் எண்ணிக்கையை மேலிடத்துக்கு அனுப்பி நல்ல பெயரும் வாங்கினோம். தீபாவளிக்கு முன்பே அவர்களில் பாதிக்கு மேல் மலையேறிவிட்டார்கள், இரண்டு அர்த்தத்திலும்.

யாரும் எங்களிடம் சொல்லவில்லை. பந்தலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவனை, கோவையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்தவனை, கூடலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் டீக்கடைக்குள் நுழைந்துவிட்டான். நானும் நுழைந்தேன்.

"வெயில் ஒத்துக்கல சார்" என்றான்.

திரும்பி வந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். "சாப்பாடு சரியில்ல சார்", "அம்மாவுக்கு உடம்பு முடியல சார்", "நைட் ஷிப்ட் போடறாங்க சார்" என்று ஆளுக்கொரு காரணம். எல்லாம் உண்மையாக இருக்கலாம். பதினைந்து டிகிரியில் வளர்ந்த உடம்புக்குக் கோவையின் வெயில் லேசானதல்ல. இருந்தாலும் எனக்கு ஏதோ இடித்தது. காரணம் பலவாக இருந்தாலும், வந்த நாள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. சேர்ந்த மூன்றாவது வாரம், நாலாவது வாரம்.

விடை பந்தலூர்ப் பையனின் வீட்டில் கிடைத்தது. தாத்தா காலத்தில், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். லைன் வீட்டுத் திண்ணையில் சாயத்தண்ணி (பால் இல்லாத தேநீர்) கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: "வேலைக்கு அனுப்பவே கடன் வாங்கணும்னா அது என்ன வேலை சார்?"

அப்புறம்தான் கணக்கு வெளியே வந்தது. அவனுக்குச் சொல்லப்பட்டது மாதம் 16,000. அது கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, சி.டி.சி. என்பார்கள். அதில் கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. போக, சம்பளம் 14,200. அதிலிருந்து இவன் பங்கு பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 107 பிடித்தால் கையில் ஏறக்குறைய 12,900. இதாவது பரவாயில்லை, வந்தால் சமாளிக்கலாம். ஆனால் முதல் சம்பளம் வருவது அடுத்த மாதம் 7ஆம் தேதி. ஜூன் 1ஆம் தேதி சேர்ந்தவன் ஜூலை 7 வரை, முப்பத்தேழு நாள், கைக்காசில் வாழ வேண்டும். ஹாஸ்டல் அட்வான்ஸ் 5,000, சாப்பாட்டோடு முதல் மாத வாடகை 6,500, கம்பெனிக்குப் போக பஸ், ஃபார்மல் பேன்ட் இரண்டு, ஷூ. வீட்டில் கொடுத்தனுப்பியது 8,000. வாடகையைப் பாக்கி வைத்தும் பத்தொன்பதாவது நாள் காசு தீர்ந்தது. வார்டனிடம் மேலும் கடன் சொல்ல வெட்கம். பஸ் ஏறிவிட்டான்.

வெயில் என்று சொன்னால் மானம் போகாது, காசு இல்லை என்றால் போகும். இதைப் புரிந்துகொள்ள வணிகவியலில் முதுகலை தேவைப்படவில்லை, ஆனாலும் எனக்குப் புரிய அவ்வளவு நாள் ஆனது. மற்றவர்களிடம் திரும்பவும் பேசினேன், இந்தத் தடவை நேரில். அம்மாவுக்கு உடம்பு முடியாதவர் ஒருவர், நிஜமாகவே நைட் ஷிப்ட் பிடிக்காதவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் பெரும்பாலும் ஹாஸ்டல் அட்வான்ஸ் கதைதான்.

நோட்டுப் புத்தகம்

முதலில் வகுப்பறையில் செய்ய முடிந்ததைச் செய்தோம். ஆஃபர் லெட்டரை வாசிக்கச் சொல்லிக்கொடுத்தோம். பேசிக் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, கையில் என்ன வரும், எந்தத் தேதியில் வரும், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்டால் கொடுக்கலாமா (கூடாது), இத்தனை வருடம் விலகமாட்டேன் என்ற பாண்டில் கையெழுத்து போடச் சொன்னால் என்ன செய்வது. இறுதியாண்டு மாணவர்களிடம் 'சி.டி.சி. என்றால் கையில் வரும் சம்பளம்தானே' என்று கேட்டால் வகுப்பே தலையாட்டுகிறது. ஒரு மணி நேர வகுப்பு. பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை என்பது என் வருத்தம்.

அப்புறம் பணம். பழைய மாணவர்கள் சிலரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினோம். இதற்கு அறக்கட்டளை, பதிவு, தலைவர், செயலாளர் என்று போனால் முதல் கூட்டத்திலேயே சண்டை வந்துவிடும் என்று ஒருவர் சரியாகச் சொன்னார். ஆகவே சீட்டுப் பிடிக்கிற மாதிரி எளிமையாக வைத்தோம். ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு பொறுப்பேற்றார். வேலைக்குப் போகிறவருக்கு 12,000 ரூபாய் கைமாற்று. வட்டி கிடையாது, எழுதி வாங்குவது கிடையாது. இரண்டாவது சம்பளத்திலிருந்து மாதம் 2,000 வீதம் ஆறு மாதத்தில் திருப்பித் தர வேண்டும். வந்த பணம் அடுத்தவருக்குப் போகும். நூலகம் மாதிரியேதான்; எடுத்த புத்தகத்தைத் திருப்பி வைத்தால்தான் அடுத்தவர் படிக்க முடியும் என்பார் அவர்.

திரும்பி வராத பணம் இல்லையா? உண்டு. ஒருவன் போன் நம்பரையே மாற்றிவிட்டான். நூலகர் அவன் பெயரை நோட்டில் அடிக்கவில்லை, 'தாமதம்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்.

மூன்றாவது, தனியாக அனுப்புவதை நிறுத்தினோம். ஒரே ஊருக்கு இரண்டு பேராகப் போனால்தான் கைமாற்று. கம்பெனி வேறாக இருக்கலாம், ஆனால் அறை ஒன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அறையில் தனியாக உட்கார்ந்திருப்பவன் திங்கட்கிழமை வேலைக்குப் போவதில்லை, ஊட்டி பஸ் நிற்கும் இடத்துக்குப் போகிறான். பெண்களுக்கு இன்னொன்றும் சேர்த்தோம்: அம்மாவோ அப்பாவோ ஒருமுறை கூடப் போய் விடுதியைப் பார்த்துவிட்டு வர வேண்டும், பஸ் செலவு நோட்டுப் புத்தகத்தின் கணக்கில். பல நகரங்களில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசின் தோழி விடுதிகள் இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. பார்த்துவிட்டு வந்த அம்மாக்கள் அடுத்த வருடம் பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சொல்கிறார்கள். எங்கள் பேனரை விட அது நன்றாக வேலை செய்கிறது.

இந்த ஏற்பாட்டின் நடுவில்தான் எங்கள் கண்ணுக்கு எதிரே இருந்த ஒன்று தெரிந்தது. கூடலூர், பந்தலூர்ப் பிள்ளைகளுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. கேரளாவின் சுல்தான் பத்தேரி பந்தலூர்ப் பக்கத்தவர்களுக்கு ஊட்டியை விடப் பக்கம். வீட்டில் ஒருவராவது கேரளாவில் வேலை பார்த்தவராக இருப்பார். ஆனால் ஒருவர்கூடப் பயோடேட்டாவில் மலையாளம் என்று எழுதவில்லை. ஏன் என்று கேட்டால், "அது படிச்சது இல்லையே சார், சும்மா வரும்" என்கிறார்கள். படகர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கன்னடம் கொஞ்சம் புரியும், அதையும் எழுதுவதில்லை. இரண்டு மாநிலத்திலும் வாடிக்கையாளர் உள்ள கம்பெனிக்கு இது காசு பெறும் தகுதி. பந்தலூர்ப் பையன் இரண்டாவது முறை 2024 பிப்ரவரியில் இறங்கியபோது அந்த ஒரு வரியைச் சேர்த்து எழுதினோம். பாலக்காட்டுப் பக்கம் சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் பில்லிங் வேலை, முந்தைய சம்பளத்தை விட 2,500 கூடுதல். நேர்முகத்தில் பாதி மலையாளத்திலேயே நடந்ததாம்.

கொட்டகையில் காளான்

வேலைக்கு அனுப்புவதை விடத் தொழில் தொடங்க வைப்பது பத்து மடங்கு வேலை. மூன்று பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து தாவரவியல் படித்த பெண். வீட்டில் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேயிலை. முதலில் கையால் உருட்டிய தேயிலை செய்து விற்கிறேன் என்றுதான் வந்தாள். எனக்கும் ஆசையாக இருந்தது. விசாரித்தால் தேயிலை வாரியப் பதிவு, உலர்த்தி, அப்புறம் கிலோ பல நூறு ரூபாய் கொடுத்து வாங்கும் ஆளைத் தேடுவது என்று நீண்டது. வருடத்தில் பாதி நாள் மூடுபனி இருக்கும் ஊரில் வெயிலில் காயவைக்கும் பேச்சே இல்லை. அதை விட்டோம்.

அடுத்து மொட்டுக் காளான். இதில் மலைக்கு ஒரு இயற்கைச் சாதகம் உண்டு. மொட்டுக் காளான் மொக்கு விட 14 முதல் 18 டிகிரி வேண்டும். கீழே இதற்காக ஏ.சி. ஓட்டுகிறார்கள், எங்களுக்கு ஜன்னலைத் திறந்தால் போதும். வீட்டில் உருளைக்கிழங்கு போட்டு வைக்கும் பழைய கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. ஊட்டியில் பயிற்சியும் எடுத்துக்கொண்டாள். ஆனால் உரம் தயாரிக்க வைக்கோல் மலையில் ஏது? சமவெளியிலிருந்து லாரியில் ஏற வேண்டும். அப்புறம் அதைப் புரட்டிப் புரட்டிப் போட நாலு வாரம், நாற்றம், பக்கத்து வீட்டுச் சண்டை. ஆகவே வித்து கலந்த கம்போஸ்ட் பைகளாகவே வாங்கினாள். பத்து கிலோ பை ஒன்று, ஏற்றி இறக்கும் கூலியோடு 110 ரூபாய். 60 பை, 6,600 ரூபாய்.

கடனுக்கு முதலில் நாங்கள் போன வழி தப்பு. நான்தான் ஆர்வக்கோளாறில் பெரிய திட்டங்களைக் காட்டினேன். பிரதமரின் வேலை உருவாக்கும் திட்டத்தில் மலைப்பகுதிக்குச் சலுகை உண்டு: கிராமப்புறத்தில் 35 சதவீத மானியம், கைப்பணம் 5 சதவீதம் போதும். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் மாணவர்கள் நினைப்பதுபோல் மானியம் கைக்கு வருவதில்லை. அது வங்கியில் மூன்று வருடம் வைப்பாகக் கிடந்து, தொழில் நடந்தால்தான் கடனில் கழியும். தேயிலை, காப்பி மாதிரி சாகுபடிக்கு அந்தத் திட்டத்தில் இடம் இல்லை, மதிப்புக் கூட்டுவதற்கு உண்டு. காளான் வளர்ப்பு இதில் எந்தப் பக்கம் என்று பேசியே இரண்டு மாதம் போனது. மாநில அரசின் நீட்ஸ் திட்டம் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலுக்கு. ஒரு கொட்டகைக்கும் 60 பைக்கும் பத்து லட்சம் எதற்கு? அவளுடைய அப்பாதான் அதைக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் சிறுதொழில்களுக்கான முத்ரா கடனில் 'சிசு' பிரிவு, 50,000 ரூபாய் வரை, ஜாமீன் தேவையில்லை. அங்கேயும் பட்டாவைக் கேட்டார்கள். நிலமோ, இறந்துபோன கொள்ளுத்தாத்தா பெயரில், பாகம் பிரிக்காத கூட்டுப் பட்டா. ஹட்டிகளில் இது சகஜம். தொழில் செய்யும் இடத்துக்குத் தாத்தா எழுதிக்கொடுத்த சம்மதக் கடிதம், வீட்டு வரி ரசீது, கட்டணம் இல்லாமல் கிடைக்கும் உத்யம் என்ற சிறுதொழில் பதிவு, இவற்றை வைத்து நாலாவது முறை போனபோது கடன் கிடைத்தது. நாலு முறையும் நான் கூடப் போனேன். ஒன்றும் பேசவில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாத்தியார் கூட இருந்தால் கவுன்டரில் 'நாளைக்கு வாங்க' என்ற வார்த்தை கொஞ்சம் யோசித்து வெளியே வருகிறது.

கூடலூர்ப் பக்கத்து இன்னொரு பெண்ணுக்கு இதுவும் முடியவில்லை. தையல் கூடம் போட நினைத்தாள். வீடு இருப்பது பிரிவு 17 நிலத்தில். ஜமீன் மாதிரியான ஜன்மம் நிலங்களை அரசு எடுத்துக்கொண்ட 1969 சட்டத்தில், யாருக்கு உரிமை என்று தீராமல் கிடக்கும் சிக்கல் அது. பட்டா இல்லை, மின் இணைப்பு வாங்குவதே போராட்டம். நாங்கள் கூட உட்கார்ந்து தீரும் விஷயமில்லை. டவுனில் ஒரு தையல் கடையில் பங்காகச் சேர்ந்துகொண்டாள். அது நல்லபடியாகவே போகிறது என்றாலும், அவள் ஆசைப்பட்டது அதை அல்ல.

சரி, காளானுக்கு வருவோம். முதல் ஈட்டில் பச்சைப் பூஞ்சணம் வந்தது. பைகளின் மேல் போடும் மண்ணை ஆவியில் 65 டிகிரியில் ஆறேழு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். விறகு சேமிக்க அவள் மூன்று மணி நேரத்தில் இறக்கிவிட்டாள். வேடிக்கை என்னவென்றால், வந்தது ட்ரைக்கோடெர்மா. வயலில் நோயைத் தடுக்க நாம் காசு கொடுத்து வாங்கிப் போடும் அதே பூஞ்சை. 'வயல்ல நண்பன், கொட்டகையில எதிரி' என்று பரீட்சையில் எழுதியிருந்தால் மார்க் கிடைத்திருக்கும் என்று அவளே சிரித்தாள். சிரிக்க ஒரு வாரம் ஆனது. அழுதுகொண்டே போன் செய்த ராத்திரி, மிச்சமிருந்த பைகளைக் காப்பாற்ற என்ன செய்யலாம் என்று தாவரவியல் துறை அம்மா ஒருவர் பதினொரு மணி வரை போனில் இருந்தார். தொற்றிய பைகளை உடனே வெளியேற்றிப் புதைத்தது, காற்றோட்டத்தைக் கூட்டியது இரண்டும் அந்த போனில் முடிவானவை. 'ஆதரவு' என்று அறிக்கைகளில் எழுதுகிறோமே, அது இந்த மாதிரி போன்தான்.

வித்துப் போட்டதிலிருந்து முதல் பறிப்பு வரை 35 முதல் 40 நாள். அந்த நாட்களில் ஒரு ரூபாய் வராது. முதல் ஈட்டில் வந்தது 38 கிலோ. 200 கிராம் பொட்டலம் 35 ரூபாய், அதாவது கிலோ 175. மொத்தம் 6,650. பை வாங்கிய காசு திரும்பியது, ஐம்பது ரூபாய் லாபம், அவள் உழைப்பு இலவசம். இரண்டாவது ஈட்டில் 84 கிலோ, 14,700 ரூபாய். பத்து கிலோ கம்போஸ்ட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை வரலாம் என்பது கணக்கு, அதன் கீழ்ப்படியை இப்போது நெருங்குகிறாள்.

விற்பனையில் இன்னொரு பாடம். ஒரு ரிசார்ட் சமையலறை முழுச் சரக்கையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது, பணம் 45 நாள் கழித்து. பெரிய ஆர்டர் என்று எனக்குச் சந்தோஷம். அவள் அம்மா விரலை மடக்கி எண்ணிவிட்டு வேண்டாம் என்றார். கொழுந்தைக் கொடுத்துவிட்டு விலைக்கும் பணத்துக்கும் காத்திருந்தே பழகிய வீடு அது, அந்த அனுபவம் பேசியது. கோத்தகிரியில் இரண்டு காய்கறிக் கடை, எங்கள் ஸ்டாஃப் ரூம், பக்கத்து ஹட்டிக் கல்யாணங்கள், எல்லாம் கையில் காசு. பிளாஸ்டிக் பைக்கு ரொம்ப வருடமாகத் தடை உள்ள மாவட்டம் என்பதால் அட்டைப் பெட்டி தேடி அலைந்தது தனிக்கதை. கடைக்காரர்கள் கேட்டதால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் செய்துகொண்டாள், அப்போது வருடத்துக்கு 100 ரூபாய்.

சாக்லேட் கடை

இது தோற்ற கதை. தோல்வியில் என் பங்கும் உண்டு.

2023இல் முடித்த ஊட்டி டவுன் பையன். அக்காவோடு சேர்ந்து வீட்டில் சாக்லேட் செய்வான், ருசி நன்றாக இருக்கும். சீசனுக்கு முன் கடை போட்டால் பிடித்துக்கொள்ளலாம் என்று நானும் சொன்னேன். மானியக் கடனுக்கு விண்ணப்பித்தோம். ஒப்புதல் வந்துவிடும் என்ற தைரியத்தில் 2024 மார்ச்சில் கடையைப் பிடித்தான். அட்வான்ஸ் ஒரு லட்சம், மாத வாடகை 14,000. அக்காவின் நகையை அடகு வைத்த பணம்.

மே 7ஆம் தேதியிலிருந்து, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. ஊரில் எல்லாரும் அதைத்தான் குற்றம் சொன்னார்கள். எனக்கு அது முழுக் காரணமாகப் படவில்லை. வண்டி நெரிசலில் திணறிய மலைக்கு ஏதாவது ஒரு கட்டுப்பாடு வராமல் போகாது. அடுத்த வருடம் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பே வந்தது. எங்கள் தப்பு அதற்கு முந்தியது. இரண்டு மாதம் நடக்கும் வியாபாரத்துக்குப் பன்னிரண்டு மாத வாடகையை ஒத்துக்கொண்டோம். மே மாத விற்பனை மோசமில்லை. ஜூனில் தென்மேற்கு மழை வந்தது. ஒரு நாளைக்கு நாலு பேர் வந்தார்கள், அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். ஈரத்தில் சாக்லேட் மேல் வெள்ளை பூத்தது.

கடன் ஒப்புதல் ஜூலையில் வந்தது. அதைக் கொண்டாட வேண்டும் என்று நான் நினைத்தேன். அவன் கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்துவிட்டு, "இப்ப இத வாங்கினா வாடகைதான் சார் கட்டுவேன்" என்றான். அந்த வருடம் என் மாணவர்கள் சொன்னதில் மிகத் தெளிவான வாக்கியம் அது. ஆகஸ்டில் கடையை விட்டான். அட்வான்ஸில் பாக்கி வாடகை போக மிச்சம் கிடைத்தது. நகையை மீட்க அடுத்த சித்திரை ஆனது. இப்போது ஒரு ஹோட்டலில் பேக்கரிப் பிரிவில் வேலை, சம்பளம் சீசனைப் பார்ப்பதில்லை. வீட்டில் அக்கா சாக்லேட் செய்து மூன்று கடைகளுக்குப் போடுகிறாள். ஊட்டியில் கடை நடத்தும் ஒருவரிடம் முதலிலேயே அவனைக் கூட்டிப்போய் ஒரு மழைக்காலம் வேலைக்கு விட்டிருந்தால் அந்தப் பணம் போயிருக்காது. இப்போது கடை போடுகிறேன் என்று வருகிறவர்களிடம் 'ஜூலை மாதம் அந்தத் தெருவில் ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டு வா' என்கிறேன். பாதிப் பேர் நின்றுவிட்டுத் திரும்ப வருவதில்லை. அதுவும் சரிதான்.

இப்போது

முகாம் இந்த வருடமும் நடந்தது. ஆஃபர் எண்ணிக்கை 2023ஐ விடக் குறைவு. கையில் வரும் சம்பளத்தைக் கேட்டுவிட்டு மாணவர்களே சிலவற்றை வேண்டாம் என்றுவிட்டார்கள். அறிக்கையில் அது நன்றாக இல்லை. ஏன் குறைந்தது என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்திருக்கிறது. தீபாவளி வரை நின்றவர்கள் எத்தனை பேர் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லாததால் ஒரு தாளைத் தனியாகக் குத்தி அனுப்பியிருக்கிறேன்.

நோட்டுப் புத்தகம் இரண்டாவதுக்கு வந்துவிட்டது. பந்தலூர்ப் பையன் தன் 12,000ஐ ஐந்து மாதத்திலேயே கட்டி முடித்து, இப்போது மாதம் 500 போடுகிறான். கோவை மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் புதிதாக வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஹாஸ்டலில் விடுவதும் அவன்தான். போன வாரம் இரண்டு பேர் இறங்குகிறார்கள் என்று சொல்லப் போன் செய்தேன்.

"ஸ்வெட்டர், கம்பளி எல்லாம் வீட்டுலயே வச்சிட்டு வரச் சொல்லுங்க சார், பையில பாதி அதுதான் அடைச்சிருக்கும். பக்கெட்டும் மக்கும் வாங்க வேணாம்னு சொல்லுங்க. போன பேட்ச்சுது ரெண்டு செட் என் ரூம்ல இருக்கு."